சிரிப்பெண்ணெய்

கமலா ஆரஞ்சு உரித்த கையை மோந்து பார்க்காதவர் யாருமே கிடையாது. நீங்களும் இப்போது பார்த்தீர்கள். இல்லை என்று சொல்லாதீர்கள், நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். விசாரணை மேசையில் ஒரு தட்டுப் பழம் வைக்கலாம் என்று யாருக்குத் தோன்றியதோ, அவர் நன்றாக இருக்கட்டும். இது மார்ச் மாதத்துப் பழம். சுளையில் சாறு வற்றியிருக்கும், தோல் தடித்திருக்கும், ஆனால் எண்ணெய் நிறைய இருக்கும். தோலை இப்படி மடித்து ஒரு அழுத்து அழுத்தினால் பொடியாகத் தெறிக்கிறது பாருங்கள். அதுதான் என் பிழைப்பு.

என் பெயர் பூ மல்-சுக். வயது அறுபத்தொன்று. ஊரில் யன்-ஜு அம்மா என்று கேட்டால்தான் வீட்டைக் காட்டுவார்கள். ஆரம்பத்திலிருந்து, எதையும் விடாமல், நிதானமாகச் சொல்லுங்கள் என்றீர்கள். சொல்கிறேன், எனக்கு ஒன்றும் அவசரமில்லை. தல்-சுன் அக்காவின் விஷயத்துக்குக் கட்டாயம் வருவேன். ஆனால் எண்ணெயைப் பற்றித் தெரியாமல் அதைக் கேட்டால் என்னைத் தப்பாக நினைத்துவிடுவீர்கள். நடந்தது முழுக்க ஒரு சிரிப்பு விஷயம். நடுநடுவே எனக்குச் சிரிப்பு வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சியோல் பக்கத்துப் பிள்ளை, பேச்சிலேயே தெரிகிறது. அதனால் இதைச் சொல்லவேண்டியிருக்கிறது. எங்கள் கரையில் இடுப்பளவுக் கல்சுவர் ஒன்று வட்டமாக இருக்கிறதே, அதுதான் நெருப்பு வட்டம். கடலில் முழுகிச் சங்கும் சிப்பியும் எடுத்து வரும் பெண்கள் அங்கேதான் உட்கார்ந்து குளிர் காய்வார்கள். யார் எங்கே உட்காருவது என்பதற்கு ஒரு முறை இருக்கிறது. மூச்சு நீளமானவர்கள் காற்று வரும் பக்கம். மூச்சு குட்டையானவர்கள் புகை போகும் பக்கம். யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் மாறாது. நான் பதினோரு வருஷம் முழுகினேன். என் மூச்சு ஒரு நிமிஷம் தாண்டவே இல்லை. பதினோரு வருஷமும் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு, எதிர்ப்பக்கத்தில் தல்-சுன் அக்காவின் சிவந்த கன்னத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

அவள் என்னைவிட இரண்டு வயது மூத்தவள். அடுத்த வீடு. முதல் நாள் என்னைக் கையைப் பிடித்துக் கடலுக்குள் கூட்டிப்போனதே அவள்தான். பிறகு அவள் எங்கேயோ உயரத்துக்குப் போய்விட்டாள், தலைவி ஆகிவிட்டாள், நான் புகையிலேயே இருந்தேன். அதிலும் என் காது பழுத்து, இனி தண்ணீருக்குள் தலையை விடாதே என்று டாக்டர் சொன்ன பிறகு, எனக்கு அந்தப் புகை இடமும் இல்லை. முழுகாதவளுக்கு நெருப்பு வட்டத்தில் என்ன வேலை. ஆனாலும் நான் தினமும் போனேன். கூட்டிப் பெருக்குவேன். மிதவைகளும் வலைகளும் வைக்கிற அறையின் சாவி என்னிடம் இருந்தது, அதைத் திறந்துவிடுவேன். அவர்கள் கரையேறும் நேரத்துக்கு நெருப்பு மூட்டி வைப்பேன். மூட்டிவிட்டுச் சுவருக்கு வெளியே போய் நின்றுகொள்வேன். இருபத்தெட்டு வருஷம் இப்படி.

எண்ணெய் எப்படி வந்தது என்றால், ஜூஸ் ஆலையில் தோலைக் குவியல் குவியலாகக் கொட்டி வைத்திருப்பார்கள். எனக்கு அந்த வாசனையை விட்டுவிட்டு வர மனசு வராது. மூட்டை மூட்டையாக அள்ளிவந்து, பெரிய பாத்திரத்தில் ஆவி பிடித்துக் காய்ச்சினேன். ஒரு மூட்டைத் தோலுக்கு ஒரு கிண்ணம் எண்ணெய் தேறும். சின்னப் பாட்டில்களில் அடைத்து, கறை போக்க, கொசு விரட்ட என்று கொடுத்துக்கொண்டிருந்தேன். அதுவரைக்கும் அது வெறும் எண்ணெய்தான்.

போன டிசம்பரில் என் மகள் போன் செய்தாள். யன்-ஜு கலிபோர்னியாவில் இருக்கிறாள். அங்கே கஞ்சாவைக் கடையில் வைத்து விற்கிறார்களாம். நம் நாட்டில் அந்தப் பேரைச் சொன்னாலே விலங்கு மாட்டுவீர்கள், உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

"அம்மா, வீட்டுக்காரரோட சும்மா ஒரு கடைக்குள்ள போனேன். பூவை மோந்து பாருங்கன்னு நீட்டுனாங்க. மோந்தா உங்க வாசனை அடிக்குதும்மா."

"என் வாசனையா?"

"உங்க கை வாசனை. ஆரஞ்சுத் தோல். கேட்டேன். லிமோனின்னு ஒண்ணாம், ரெண்டுலயும் இருக்காம். மனசு லேசாகும், கவலை குறையும், சிரிப்பு வரும்னு சீட்டு ஒட்டியிருக்காங்க."

"நெசமாவாடி?"

"வரலாம்னு போட்டிருக்கு. எலிக்குக் குடுத்துப் பாத்திருக்காங்களாம். மனுஷங்களுக்கு இன்னும் சரியாத் தெரியாதாம்."

நான் 'வரலாம்' என்பதையும் எலியையும் அடுப்பங்கரையிலேயே விட்டுவிட்டு, மீதியைத் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடினேன். அறுபது வயசில் அப்படி ஓடியிருக்கக் கூடாது. வழியில் ஒரு பாட்டிலைத் திறந்து நானே ஒரு இழுப்பு இழுத்தேன். ஐயா, தலை கிறுகிறுவென்று வந்தது, சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, தோப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்று சிரித்தேன். அதற்கு முன்னால் ஆயிரம் தடவை அதே எண்ணெயை மோந்திருக்கிறேன், ஒன்றும் ஆனதில்லை. விஷயம் தெரிந்து மோந்தால்தான் வேலை செய்யும் போலிருக்கிறது.

அவர்கள் அப்போதுதான் கரையேறி உட்கார்ந்திருந்தார்கள். பன்னிரண்டு பேர். நான் சுவருக்கு வெளியே நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன்.

"கஞ்சாவா? நம்ம ஆரஞ்சுலயா?" என்றாள் கோ பெரியம்மா. அவளுக்கு எழுபத்தொன்பது வயது, இன்னும் முழுகுகிறாள்.

"கஞ்சா இல்ல பெரியம்மா. கஞ்சால இருக்கற அதே வாசனை."

"அப்போ எழுபது வருஷமா நான் என்னத்தத் தின்னுக்கிட்டு இருக்கேன்?"

"அதான் பெரியம்மா பேரன் கல்யாணத்துல மேசை மேல ஏறி ஆடுனீங்க," என்றாள் மி-ரான். ஐம்பத்திரண்டு வயது, கூட்டத்தில் அவள்தான் சின்னப் பெண்.

"அடி செருப்பால. அது அரிசிக் கள்ளுடி."

"யன்-ஜு அம்மா, மெல்லப் பேசுங்க. போலீஸ் காதுல விழுந்தா தீவையே தூக்கி உள்ள வைக்கணும். வீட்டுக்கு வீடு தோப்பு," என்றாள் மறுபடியும் மி-ரான்.

தல்-சுன் அக்கா கையை நீட்டினாள். "இங்க குடு அத. மூச்சு விஷயம்னா நான்தான் மொதல்ல."

பாட்டிலை மூக்கில் வைத்து இழுத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல அப்படியே இருந்தாள். எல்லோரும் எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். தொண்ணூறு வந்ததும், கடலிலிருந்து மேலே வரும்போது விடுகிற மாதிரியே ஒரு சீட்டி மூச்சு விட்டு, கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சிரித்தாள் பாருங்கள், நனைந்த உடுப்போடு மணலில் சாய்ந்து விழுந்து சிரித்தாள். பாட்டில் கைமாறியது. பன்னிரண்டு பேரும் விலாவைப் பிடித்துக்கொண்டார்கள். மி-ரான்தான் அதற்குச் சிரிப்பெண்ணெய் என்று பேர் வைத்தாள். நான் என் வாழ்க்கையில் அப்படி ஒரு காட்சியைப் பார்த்ததில்லை. அந்தச் சிரிப்பை நான் காய்ச்சி எடுத்திருந்தேன்.

அடுத்த வாரம் இன்னொன்று நடந்தது. களை பிடுங்கும்போது இடுப்பில் மாட்டிக்கொள்வோமே, வட்டமான தெர்மாக்கோல் மெத்தை, எழுந்தால் பின்னாலேயே தொங்கும், உட்கார்ந்தால் அடியில் வந்துவிடும், அதை மாட்டிக்கொண்டு தோப்பிலிருந்து நேராக வந்திருந்தேன். குளிர் அதிகமாக இருந்ததால் புகைப் பக்கத்தில் ஒரு ஓரமாக உட்கார விட்டிருந்தார்கள். பின்பக்கப் பையில் எண்ணெய் பாட்டில், மூடி சரியாக இறுகவில்லை. நான் பேசிக்கொண்டே இருக்கிறேன், மி-ரான் என்னையே உற்றுப் பார்க்கிறாள்.

"யன்-ஜு அம்மா, நீங்க குள்ளமாயிட்டே போறீங்க."

எழுந்து பார்த்தால் மெத்தையே இல்லை. துணி உறை மட்டும் தொங்குகிறது, உள்ளே மென்று துப்பிய சூயிங்கம் மாதிரி ஒரு பிடி. எண்ணெய் தெர்மாக்கோலைத் தின்றுவிட்டது. கோ பெரியம்மா சிரித்த சிரிப்பில் உடுப்பை நனைத்துவிட்டாள், அவளே சொல்லிக்கொண்டு எழுந்து போனாள். தல்-சுன் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே பக்கத்துக் கல்லைத் தட்டினாள்.

"இங்க வாடி மல்-சுக். இந்தப் பக்கம் வந்து உக்காரு. அங்க புகையில உன் மூஞ்சியே தெரியல."

காற்று வரும் பக்கம், ஐயா. தலைவிக்குப் பக்கத்து இடம். நான் போய் உட்கார்ந்தேன். யாரும் தடுக்கவில்லை. அன்று வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு குதித்தேன். கீழே விழுந்து முட்டி வீங்கியது, அப்போதும் சிரிப்பு நிற்கவில்லை. மூன்று மாதம் அந்தக் கல் என் கல்லாக இருந்தது. ஒரு நாள்கூடத் தவறாமல் பாட்டிலோடு போனேன், ஒரு நாள்கூட அவர்கள் சிரிக்காமல் இருந்ததில்லை. அந்த இடம் எண்ணெயால் வந்தது. இது முக்கியம், எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் சந்திர மாதத்தில் காற்றுத் தாய் என்கிற எங்கள் தெய்வம் வருவாள். அவள் இருக்கிற பதினைந்து நாளும் நாங்கள் கடலில் இறங்குவதில்லை. அவளை வழியனுப்பும் பூசைக்கு முந்தின நாள் நானும் தல்-சுன் அக்காவும் அவள் வீட்டில் பூசைக்கான அரிசிப் பணியாரம் அவித்துக்கொண்டிருந்தோம். நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். நான் புதுப் பாட்டில் ஒன்று கொண்டுபோயிருந்தேன்.

"அக்கா, கண்ண மூடு. இது டிசம்பர்ப் பழமா மார்ச் பழமான்னு சொல்லு."

மூக்குக்குக் கீழே நீட்டினேன். அவள் நன்றாக ஒரு இழுப்பு இழுத்தாள். வழக்கம்போல மூச்சைப் பிடித்தாள், கண்ணைத் திறந்தாள், சிரித்தாள். "மார்ச் பழம். ஆளையே தூக்குதுடி," என்றாள்.

நான் பாட்டிலைப் பார்த்தேன். மூடி திறக்கவே இல்லை. நான் திறக்க மறந்திருந்தேன்.

"அக்கா, மூடி."

அவளும் பார்த்தாள். பார்த்ததும் வெடித்துச் சிரித்து, ஆவிப் பாத்திரத்தில் கை பட்டுச் சுட்டுக்கொண்டு, அதற்கும் சிரித்தாள். "மாட்டிக்கிட்டேனா? மல்-சுக், எனக்கு வாசனையே தெரியாதுடி. ரெண்டு வருஷமாச்சு. கொரோனா வந்துட்டுப் போச்சே, போகும்போது மூக்கையும் கூட்டிக்கிட்டுப் போயிடுச்சு."

"அப்போ இவ்வளவு நாளா சிரிச்சது?"

"உன்னப் பாத்துத்தான். பாட்டிலத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு, சாமி வந்த மாதிரி ஒரு மூஞ்சிய வச்சுக்கிட்டு நிக்கிறியே. அதப் பாத்தா பொணமும் எந்திரிச்சுச் சிரிக்கும்."

நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது.

"இத நான் சொல்லாம இருக்க முடியாதுடி," என்றாள். "நாளன்னைக்கு மொத முழுக்கு முடிச்சு நெருப்புகிட்ட உக்காருவோம்ல, அப்ப எடுத்து விடுறேன். மூடுன பாட்டில மோந்து மார்ச் பழம்னு சொன்னத. உருளப்போறாளுக. குளிரே தெரியாது."

"சொல்லாத அக்கா."

"ஏண்டி, நல்ல கதைடி."

வீட்டுக்கு வந்து நிதானமாக யோசித்தேன். எனக்கு அவள் மேல் கோபம் இல்லை. கணக்கு எளிது. மூக்கே இல்லாதவள்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தாள் என்று தெரிந்தால், எண்ணெய் ஒன்றுமில்லை என்று ஆகிவிடும். எண்ணெய் ஒன்றுமில்லை என்றால் அவர்கள் மூன்று மாதமாகச் சிரித்தது என்னைப் பார்த்து. என்னைப் பார்த்துச் சிரிப்பதற்கு நான் சுவருக்கு வெளியே நின்றாலும் போதும். ஆகவே முதல் முழுக்கு முடிந்து தல்-சுன் அக்கா நெருப்புக்கு வரக்கூடாது. அவ்வளவுதான். அவளுக்கு ஏதாவது ஆகவேண்டும் என்று நான் நினைக்கவில்லை, நெருப்புக்கு வரக்கூடாது என்று மட்டும்தான் நினைத்தேன். அப்போதுதான் என் மெத்தை ஞாபகம் வந்தது. அவள் மிதவையும் அதேபோல் கரைந்து இறங்கினால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். தலைவியம்மா கடல் நடுவில் தத்தளித்து, வெறும் துணியைப் பிடித்துக்கொண்டு நீந்தி வந்தால், அன்றைக்கு எல்லோரும் அவளைப் பார்த்துத்தான் சிரிப்பார்கள், மூடின பாட்டில் கதை அடிபட்டுப் போய்விடும். விளையாட்டு, ஐயா. எனக்கு அன்று சாயங்காலம் முழுக்கச் சிரிப்பு.

எங்கள் மிதவையை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். பெரிய தர்ப்பூசணி அளவுக்குத் தெர்மாக்கோல் உருண்டை, மேலே ஆரஞ்சு நிறத் துணி, அடியில் வலைப்பை. முழுகி எழுந்தால் அதன் மேல் மாரை வைத்துச் சாய்ந்துகொண்டுதான் இளைப்பாற வேண்டும். தல்-சுன் அக்காவின் துணியில் பச்சை நூலால் அவள் பேர் தைத்திருக்கும்.

பூசை அன்று பட்டப்பகல். கரையில் பறை அடிக்கிறார்கள், எல்லோரும் கடலுக்குத் தினை தூவுகிறார்கள், தல்-சுன் அக்கா முன்னால் நின்று ஆடுகிறாள். நான் மிதவை அறையைத் திறந்து உள்ளே போனேன். குதிரைக்கு மருந்து ஏற்றுகிற பெரிய ஊசிக்குழல் ஒன்று பண்ணையில் வாங்கி வைத்திருந்தேன். துணியின் சுருக்கைத் தளர்த்தி, பின்னல் ஊசியால் அடியில் ஒரு துளை, பக்கத்தில் ஒரு துளை போட்டேன். வெறும் கூடு என்றால் மிதக்கத்தான் செய்யும், கடற்கரையில் பிறந்தவளுக்கு இது தெரியும். ஒன்றில் தண்ணீர் போகவேண்டும், ஒன்றில் காற்று வெளியே வரவேண்டும். பிறகு எண்ணெய். பதினாறு குழல். காதை வைத்துக் கேட்டேன், உள்ளே பொரிகிற மாதிரி மெல்லச் சத்தம் வந்தது. வெளியே பறைச் சத்தம், உள்ளே இந்தச் சத்தம், அந்தச் சின்ன அறை முழுக்க வாசனை. தலை சுற்றியது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். ஒரு விரல் தடிமன் ஓடு மட்டும் விட்டேன்.

மற்ற பதினொரு பேருக்கும் மூக்கு இருக்கிறதே. அதனால் போகும்போது இரண்டு பாட்டிலை அறைத் தரையில் கொட்டிவிட்டுப் போனேன். மறுநாள் காலை கதவைத் திறந்ததும் ஒரே கூச்சல்.

"என்னடி இது, உள்ள ஆரஞ்சு மழை பேஞ்சிருக்கா?"

"கை தவறிப்போச்சு பெரியம்மா."

"அப்போ இன்னிக்கு எல்லாரும் போதையிலதான் எறங்குறோம்," என்றாள் மி-ரான். ஆளாளுக்கு ஆடிக்காட்டினார்கள். இன்னும் தண்ணீரில் கால் வைக்கவில்லை, அதற்குள் சிரிப்பு.

தல்-சுன் அக்காவின் மிதவையை நானே எடுத்துக்கொடுத்தேன். கொடுக்கும்போது அவள் முகத்துக்கு நேரே பிடித்து, "மோந்து பாரு அக்கா," என்றேன். அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லையா என்று பார்க்க வேண்டியிருந்தது. அவள் எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஒரு கண்ணைச் சிமிட்டினாள். பிறகு மிதவையில் மூக்கை வைத்து நன்றாக இழுத்து, மூச்சைப் பிடித்து, கண்ணைத் திறந்து, எல்லோருக்கும் கேட்கும்படி சிரித்தாள். எனக்காகச் சிரித்தாள். மிதவையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

தலைவி என்பதால் அவள் போவது எல்லோருக்கும் அப்பால், கறுப்புப் பாறைக்கு. நான் நெருப்பு மூட்டினேன். மேலே வரும்போது அவரவர் விடும் சீட்டி மூச்சு கரைக்குக் கேட்கும், யாருடையது என்று சொல்லிவிடலாம். தல்-சுன் அக்காவுடையது நீளமாக வந்து கடைசியில் ஒரு சின்ன விக்கலோடு முடியும். காற்று நின்றிருந்ததால் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் விறகைத் தள்ளிவிட்டுக்கொண்டே எண்ணினேன். பத்து வரை எண்ணினேன். அதற்குப் பிறகு வரவில்லை.

ஒவ்வொருவராகக் கரையேறினார்கள். நான் என் கல்லில் உட்கார்ந்துகொண்டேன்.

"தல்-சுன் எங்கடி?" என்றாள் கோ பெரியம்மா.

"நல்ல சங்கு மாட்டியிருக்கும் பெரியம்மா. வருவா. நீங்க காயுங்க."

பாட்டிலைச் சுற்ற விட்டேன். சிரித்தார்கள். நல்லபடியாகவே சிரித்தார்கள். கால் மணி நேரம் ஆகியிருக்கும், மி-ரான் எழுந்து கடலைப் பார்த்தாள், அப்புறம் எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

உங்கள் ஆட்கள் அவளை எடுத்தபோது கைவிரல்கள் வலைப்பையின் கயிற்றில் கோத்திருந்தன என்று கேள்விப்பட்டேன். பை நிறைய இருந்ததாம். நடந்தது இதுதான்: அவள் மேலே வந்திருக்கிறாள், மிதவையைக் காணோம், கீழே பார்த்திருக்கிறாள், வலையோடு அது போய்க்கொண்டிருக்கிறது. வந்த மூச்சை முழுசாக வாங்காமல் பின்னாலேயே போயிருக்கிறாள். முழுகுவதற்காக இடுப்பில் கட்டும் ஈயம் வேறு. விட்டுவிட்டு நீந்தி வந்திருந்தால் இந்நேரம் உயிரோடு இருப்பாள். நான் மிதவையைத்தான் இறக்கினேன். பின்னால் போனது அவள். போவாள் என்று எனக்குத் தெரியுமா என்றால், தெரியும். நிறைந்த பையை விட்டுவிட்டு அவள் ஒரு நாளும் வந்ததில்லை.

என்னை யார் காட்டிக்கொடுத்தார்கள் என்று நீங்கள் கேட்கவேண்டியதே இல்லை. உங்கள் ஆள் வெறும் ஓடாகிப்போன அந்த மிதவையை அடையாளம் காட்டச் சொல்லி நெருப்பு வட்டத்துக்குக் கொண்டுவந்தார். மூன்று நாள் உப்புத் தண்ணீரில் கிடந்தும் வாசனை போகவில்லை. பதினொரு மூக்கும் ஒரே நேரத்தில் தூக்கிக்கொண்டன. பிறகு பதினொரு முகமும் என் பக்கம் திரும்பின. நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் எல்லோரும் என்னைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அடிப்பாவி," என்றாள் கோ பெரியம்மா. "ஏண்டி? அவ உனக்கு என்னடி பண்ணுனா?"

மறைக்க என்ன இருக்கிறது. மூடின பாட்டில் கதையைச் சொன்னேன். அவளுக்கு மூக்கு இல்லை, அதை எல்லோரிடமும் சொல்லப்போனாள், அதுதான் என்றேன்.

"அவளுக்கு மூக்கு போனது ஊருக்கே தெரியுமேடி. போன வருஷம் அவ வீட்டுல கஞ்சி அடிபுடிச்சு வீடு பூரா பொகை, இவ ஒண்ணும் தெரியாம பாய் மேல உக்காந்து டிவி பாத்துக்கிட்டு இருந்தா. நாங்கதான் ஓடிப்போய் அடுப்ப அணைச்சோம். நீ அன்னிக்குத் தோல் அள்ள ஆலைக்குப் போயிருந்த."

எனக்குப் புரியவில்லை. "அப்போ நீங்கள்லாம் சிரிச்சது?" என்று கேட்டேன்.

மி-ரான் அழுதுகொண்டே பேசினாள். "உங்களப் பாத்து அவ சிரிச்சா, அவளப் பாத்து நாங்க சிரிச்சோம். எண்ணெய்ல என்ன இருக்கு? இருபத்தெட்டு வருஷமா செவத்துக்கு வெளியவே நிக்கிறாளே, எப்படி உள்ள கூப்பிடுறது, கூப்பிட்டா கூச்சப்படுவாளேன்னு தல்-சுன் அக்கா எத்தன தடவ சொல்லியிருக்கா தெரியுமா? நீங்க பாட்டிலோட ஓடி வந்தீங்க. நல்ல சாக்கு கெடச்சுதுடின்னு சொன்னா."

பொய். துக்கத்தில் இருப்பவர்கள் எதையாவது சொல்வார்கள், நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. செத்தவளை நல்லவளாக்கிப் பேசுவது வழக்கம்தானே. சிரிப்பு வந்தது எண்ணெயால். கலிபோர்னியாவில் சீட்டு ஒட்டி விற்கிறார்கள்.

ஒரு விஷயம் மட்டும் நீங்கள் இன்னும் கேட்கவில்லை. கேட்பீர்கள் கேட்பீர்கள் என்று நானும் காத்திருந்து பார்த்தேன், எனக்கே தாங்கவில்லை. இரண்டு துளை போட்ட மிதவை கரையிலேயே முழுகியிருக்க வேண்டாமா? கறுப்புப் பாறை வரைக்கும் எப்படிப் போனது? மிட்டாய், ஐயா. ஆரஞ்சு மிட்டாய். துளையில் மிட்டாய் வைத்து அடைத்தேன். வாயில் போட்டால் பத்து நிமிஷத்தில் கரைகிற சாமான்தான், ஆனால் கடல் தண்ணீர் மார்ச்சில் குளிர்ந்து கிடக்கும். பூசைக்கு முந்தின சாயங்காலம் ஒரு வாளியில் கடல் தண்ணீர் கொண்டுவந்து மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். ஒன்று வைத்தால் முப்பத்தெட்டு நிமிஷம். அது போதாது, அவள் பாறைக்குப் போய்ச் சேரவே நாற்பது ஆகும். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு வைத்தால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகம். அதற்குள் பையும் கனத்துவிடும், பக்கத்தில் ஆளும் இருக்காது. அந்தப் பாறையிலிருந்து கூப்பிட்டாலும் யாரும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. இப்படி ஒரு யோசனை எனக்கு வந்ததே என்று வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன்.

ஆமாம், நான்தான் செய்தேன். தெரிந்துதான் செய்தேன். எங்கே காட்டுகிறீர்களோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அதற்கு மேலே ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள், அந்தச் சிரிப்பு எண்ணெயால் வந்தது என்று. நீங்கள் அதை மட்டும் எழுதாமல் பேனாவை வைத்துக்கொண்டு என்னையே பார்க்கிறீர்கள். நம்பிக்கை இல்லையென்றால் இதோ தோல், இப்போது உரித்தது. கிட்டே வாருங்கள். இன்னும் கிட்டே. நன்றாக இழுங்கள், மூச்சைப் பிடியுங்கள், இப்போது என் முகத்தைப் பாருங்கள்.

சிரிப்பு வரவில்லையா? உங்களுக்கு ஜலதோஷமாக இருக்கும்.